திருட்டுப் பழி போட்டவர்கள் மேல் சட்டம் என்ன செய்யும்?

தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா மாட்டுங்காவில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். அதில் ஒரு வீட்டில் 3 பவுன் சங்கிலியைக் காணோம் என்று வீட்டுக்காரம்மா போலீஸில் புகார் கொடுத்தார். அம்மாவைக் காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்து, இரவு 8 மணிக்கு விட்டிருக்கிறார்கள். மறுநாளும் அப்படியே. கைது செய்யவில்லை, நோட்டீஸும் தரவில்லை. அதற்குள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் போட்டோவைப் போட்டு, 'இவள் திருடி, யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்' என்று எழுதிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, சங்கிலி அவர்களுடைய பேங்க் லாக்கரிலேயே இருந்தது தெரிந்தது. கேஸ் முடிந்துவிட்டது என்று போலீஸ் வாயால் சொல்லி அனுப்பியது. நான்கு வீட்டு வேலையும் போனது, அந்த மாதச் சம்பளமும் வரவில்லை. "பொய்ப் புகார் கொடுத்தா அவங்களையே உள்ள வைக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உள்ளே வைக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐபிசி என்ற பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 248ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒருவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு, நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்தே அவர் மேல் குற்றம் சுமத்தினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுமத்திய குற்றம் மரண தண்டனையோ, ஆயுள் சிறையோ, 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ளதாக இருந்தால் பொய்க்கான சிறை 10 ஆண்டு வரை போகும். பழைய ஐபிசியில் இது 211ஆவது பிரிவு, தண்டனை இதைவிடக் குறைவு. இன்னொன்று 217. போலீஸ் மாதிரியான அரசு ஊழியரிடம் பொய்யென்று தெரிந்தே தகவல் கொடுத்து, அவர் அதிகாரத்தை இன்னொருவர் மேல் பாய வைத்தால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டு பிரிவுக்கும் உயிர், 'தெரிந்தே' என்பதில் இருக்கிறது. சங்கிலியைக் காணோம் என்று பதறி, வீட்டுக்குள் வந்து போகிற ஒரே வெளியாள் மேல் சந்தேகப்பட்டுப் புகார் கொடுப்பது கொடுமையாக இருக்கலாம். ஏழை என்பதால்தான் முதலில் உங்கள் அம்மா நினைவுக்கு வந்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் நிஜமாகவே அப்படி நம்பியிருந்தால் 248 நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பொய் கேஸ் போட்டவனை விடாதே' என்று ஊரில் பத்துப் பேர் ஏற்றிவிட்டு, மாதக் கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு இந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்கிறவர்களை பாந்த்ரா, குர்லா கோர்ட் வராந்தாக்களில் நிறையப் பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை, எஃப்ஐஆர் காப்பியைக் கையில் வாங்குவது. சில நுட்பமான வழக்குகளைத் தவிர மற்ற எஃப்ஐஆர்களை போலீஸ் இணையதளத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. மகாராஷ்டிரா போலீஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயரும் தேதியும் கொடுத்துத் தேடுங்கள், இல்லையென்றால் கோர்ட்டில் நகல் மனு போடுங்கள். அது மராத்தியில் இருக்கும். அரைகுறையாகப் புரிந்துகொண்டு விட்டுவிடாதீர்கள். மராத்தி நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். 'வேலைக்காரி மேல் எனக்குச் சந்தேகம்' என்று இருக்கிறதா, 'பீரோவைத் திறந்து எடுத்ததை நான் பார்த்தேன்' என்று இருக்கிறதா? சந்தேகம் என்று எழுதியிருந்தால் அவர்கள் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. பார்த்தேன் என்று எழுதியிருந்தால் அந்தப் பிடி கிடையாது. லாக்கரில் இருந்த சங்கிலியை பீரோவிலிருந்து யாரும் எடுத்திருக்க முடியாது, எடுத்ததை யாரும் பார்த்திருக்கவும் முடியாது. அந்த ஒரு வரி போதும், புகார் கொடுத்த அன்றே அது தெரிந்து சொன்ன பொய் என்று வாதாட.

சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறது என்றாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. அடுத்த கேள்வி, சங்கிலி லாக்கரில் இருப்பது அவர்களுக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்பது. இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, ஆள் சாட்சி கிடையாது, பேங்க் சாட்சி. லாக்கரைத் திறக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பேங்கில் பதிவு நடக்கும், தேதியும் நேரமும் அதில் இருக்கும். போதாததற்கு, ரிசர்வ் வங்கி 2021இல் கொண்டுவந்து 2022 ஜனவரியிலிருந்து அமலான விதிப்படி, லாக்கர் திறந்த அன்றே வாடிக்கையாளரின் மொபைலுக்கும் இமெயிலுக்கும் தகவல் போக வேண்டும். புகார் கொடுத்த பிறகு லாக்கர் முதன்முதலாக எப்போது திறக்கப்பட்டது என்று பாருங்கள். சங்கிலி கிடைத்ததைப் போலீஸுக்குச் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முந்தியே திறந்திருந்தால், அந்த இரண்டு வாரம் உங்கள் அம்மா நிரபராதி என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்க இடம் வருகிறது. அந்த இடைவெளியில் போலீஸிடம் மறுபடி வாக்குமூலம் கொடுத்து அம்மா பெயரைச் சொல்லியிருந்தால், 217க்கு அது நேரடியாகவே பொருந்தும். பேங்க் இதை உங்களிடம் தராது. கோர்ட்டோ விசாரணை அதிகாரியோ கேட்டால் தந்தாக வேண்டும். ஆகவே உங்கள் மனுவில் லாக்கர் பதிவை வரவழைக்கும்படி குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். 'உரிய ஆவணங்களை' என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து, 'கேஸ் முடிந்தது' என்று வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எப்படி முடித்தார்கள் என்பது முக்கியம். மகாராஷ்டிராவில் போலீஸ் ஒரு வழக்கை மூடும்போது, சமரி என்ற முடிப்பு அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி, மூன்று விதமாக மூடும். குற்றம் நடந்தது உண்மை, ஆள் கிடைக்கவில்லை என்றால் ஏ சமரி. புகாரே கெட்ட எண்ணத்தோடு கொடுத்த பொய் என்றால் பி சமரி. தவறுதலாகப் புரிந்துகொண்டது, சிவில் தகராறு மாதிரியானவற்றுக்கு சி சமரி. உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் சி சமரிதான் போட்டிருப்பார்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் கோப்பை மூட அது வசதி. ஆனால் சி சமரி ஏற்கப்பட்டுவிட்டால், புகார் கொடுத்தவர்கள் தவறாக நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று போலீஸே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பின்னால் 248 என்று போய் நின்றால் அந்தக் காகிதத்தை எடுத்து உங்கள் முன்னாலேயே நீட்டுவார்கள். மாஜிஸ்திரேட் இன்னும் அதை ஏற்கவில்லை என்றால் உடனே ஸ்டேஷன் பொறுப்பிலிருக்கும் சீனியர் பிஐக்கும் (இன்ஸ்பெக்டர்), நகல் ஏசிபிக்கும் (உதவி கமிஷனர்) எழுத்து மூலம் கொடுங்கள்: எஃப்ஐஆரில் இருக்கும் இன்ன வரி, லாக்கர் திறந்த தேதி, இவற்றை விசாரித்து பி சமரியாக அனுப்ப வேண்டும் என்று. மனு கிடைத்ததற்கான இன்வர்டு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஏற்றுவிட்டார்கள் என்றால் அந்த உத்தரவின் சர்டிபைட் காப்பி எடுங்கள். அது வேறு விதத்திலும் தேவைப்படும். நாளைக்கு ஏதாவது வேலைக்கு போலீஸ் வெரிபிகேஷன் கேட்டால் பழைய எஃப்ஐஆர் தலைகாட்டும், அப்போது அம்மா கையில் இந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

இனி, யார் வழக்குப் போட முடியும்? நிறையப் பேருக்கு இது தெரியாது. 217இல் பாதிக்கப்பட்டவர் நேராகப் போய் வழக்குப் போட முடியாது. எந்த அதிகாரியிடம் பொய் சொன்னார்களோ அவரோ, அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது அவர்களை எழுதச் சொல்லி விடாமல் கேட்பது. இதற்குக் காலவரையறை 1 ஆண்டுதான். 248 விஷயத்தில், கோர்ட் நடவடிக்கையோடு சம்பந்தப்பட்ட பொய்யாக இருந்தால் அந்தக் கோர்ட்தான் புகார் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் சமரி அறிக்கையைப் பார்த்து உத்தரவு போட்டிருந்தாலே பெரும்பாலும் இந்தத் தடை வந்துவிடும். அப்போது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆவது பிரிவில் அதே மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். பழைய சிஆர்பிசி 340தான் அது. மனு போட்டதும் வழக்குப் பிறந்துவிடாது. நீதியின் நலனுக்கு இது அவசியம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், 2005இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மேல்கோர்ட்டில் அப்பீல் உண்டு. உண்மையைச் சொன்னால் இந்த வழியில் கடைசிவரை போய்த் தண்டனை வாங்கிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

உங்கள் கையில் இருக்கும் பலமான வழக்கு அந்த வாட்ஸ்அப் பதிவு. அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இதற்கு போலீஸ் எஃப்ஐஆர் போடாது, போய்க் கெஞ்சவும் வேண்டாம். அம்மாவே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கலாம். போலீஸில் நல்ல எண்ணத்தோடு கொடுத்த புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது, அதனால் புகாரை வைத்து அவதூறு வழக்குப் போடுவது சிரமம். சொசைட்டி குழுவில் எழுதினதுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க, அவர்கள் நலனுக்காகத்தான் எழுதினோம்' என்று வேறொரு விலக்கைப் பிடிப்பார்கள். அதற்கும் நல்ல எண்ணம் வேண்டும். சட்டத்தில் நல்ல எண்ணம் என்றால் போதிய கவனத்தோடு செய்தது. சொந்த லாக்கரைத் திறந்து பார்க்காமல் ஒரு பெண்ணின் போட்டோவைப் போட்டுத் திருடி என்று எழுதுவது எந்தக் கவனத்தில் சேரும்? சங்கிலி கிடைத்த பிறகும் அந்தப் பதிவை எடுக்கவில்லை, 'தவறு நடந்துவிட்டது' என்று அதே குழுவில் ஒரு வரி போடவில்லை. இங்கே அவர்களிடம் சொல்ல நல்ல பதில் இல்லை.

சாட்சியத்தில் கவனமாக இருங்கள். அம்மா அந்தக் குழுவில் இல்லை. யாரோ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் உங்களிடம் இருக்கும், அது மட்டும் போதாது. குழுவில் இருக்கிற ஒருவர், அம்மா வேலை பார்த்த மற்ற மூன்று வீடுகளில் மனசாட்சி உள்ள யாராவது, தன் போனில் அந்தப் பதிவைக் காட்டி வந்து சொல்ல வேண்டும். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் தயார் செய்வார். பதிவை ஃபார்வர்டு செய்து வாங்குவதைவிட, தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி அந்தப் போனிலேயே பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். ஒருவர்கூட முன்வரமாட்டார் என்று நினைக்காதீர்கள். அம்மா வேலைக்கு வராததால் ஆறு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்று தவித்த ஒரு வீடு கண்டிப்பாக இருக்கும். அங்கே அம்மாவே போய்க் கேட்கட்டும், நீங்கள் போகாதீர்கள்.

அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். அதற்கு அவகாசம் பதிவு போட்ட நாளிலிருந்து 1 ஆண்டு. கிரிமினல் அவதூறுக்கு 3 ஆண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சிவிலைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். கெட்ட எண்ணத்தோடு வழக்கில் இழுத்துவிட்டதற்கான நஷ்டஈடு என்று இன்னொரு வகை வழக்கு உண்டு. அதற்கும் வழக்கு முடிந்த நாளிலிருந்து 1 ஆண்டுதான். ஆனால் விஷயம் போலீஸ் விசாரணையோடு நின்றுவிட்டதால் அது வழக்கில் இழுத்ததாகுமா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அவதூறையே முன்னால் வைப்பேன்.

முதலில் போக வேண்டியது ஒரு வக்கீல் நோட்டீஸ். அதில் நான்கு வீட்டு வருமானம் போனது, நிலுவைச் சம்பளம், பதிவின் தேதி எல்லாம் இருக்கட்டும். கேட்க வேண்டியது: அதே குழுவில், போட்டோ இல்லாமல், 'இவர் எதையும் எடுக்கவில்லை, சங்கிலி எங்கள் லாக்கரில் இருந்தது' என்று எழுத்தில் மன்னிப்பு, சம்பள பாக்கி, நஷ்டஈடு. என் அனுபவத்தில் இந்த மாதிரிக் குடும்பங்கள் கோர்ட் சம்மன் வீட்டு வாசலுக்கு வருவதை விரும்பாது. உங்கள் அம்மாவுக்கு யாராவது ஜெயிலுக்குப் போவதைவிட அந்தக் குழுவில் வரும் நான்கு வரி அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு அவருடையது, அவரைக் கேளுங்கள்.

நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்தது, புகார் கொடுத்தவர்கள் அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)இன் பி, கியூ உட்பிரிவுகளைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மேல் பொய்யான, கெட்ட எண்ணத்தோடான வழக்குப் போடுவதும், பொய்த் தகவல் கொடுத்து அரசு ஊழியரை அவர்கள் மேல் ஏவுவதும் தனிக் குற்றம். 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இதற்கு போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் பலர், 'நம்ம சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டோடது, மும்பையில செல்லாது' என்று இதைத் தொடுவதே இல்லை. இட ஒதுக்கீட்டுக்கு அந்தச் சிக்கல் உண்டு. வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் புகார் பொய் என்று காட்டுகிற வேலை இங்கேயும் இருக்கிறது. எஃப்ஐஆர் வரியும் லாக்கர் தேதியும் இல்லாமல் இதை எடுக்காதீர்கள்.

ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தது தனிக் கணக்கு. வேலைக்காரர் திருட்டுக்கு 7 ஆண்டு வரை தண்டனை. அந்த அளவிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பதுதான் நெறி. எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு பெண்ணை இரவு வரை உட்கார வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஸ்டேஷன்களில் சிசிடிவி வைத்து 18 மாதம் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இரண்டு தேதிகளின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி இப்போதே டிசிபிக்கு (துணை கமிஷனர்) எழுதுங்கள். ஏதாவது காகிதத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினார்களா என்று அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, அதை நினைத்து அவர் பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது, 'அந்த வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தார்னு ஒரு கேஸ் போடு, தானா வழிக்கு வருவாங்க' என்று யோசனை சொல்வார்கள். தாராவியில் இந்த யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. நடக்காத ஒன்றை எழுதிக் கொடுத்தால், நான் மேலே எழுதிய 248 அப்படியே உங்கள் அம்மா மேல் திரும்பும். அவர்கள் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டுத் திட்டுவதும் வேண்டாம், அது அவர்களுக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கிற அவதூறு வழக்கு. 'இவ்வளவு கொடுக்காவிட்டால் கேஸ் போடுவோம்' என்று போனில் பேரம் பேசினால் மிரட்டிப் பணம் பறித்ததாகத் திருப்பிவிடுவார்கள். கேட்பதை வக்கீல் நோட்டீஸில் கேளுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நிரூபிக்க முடியாமல் போனாலே உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயந்து உண்மையான புகாரை விழுங்கிவிடாதீர்கள். சாட்சி இல்லாமல் தோற்ற புகார் வேறு, தெரிந்து சொன்ன பொய் வேறு. வேலை இடத்துப் பாலியல் தொல்லைச் சட்டம் 14ஆவது பிரிவில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், குழந்தை சொன்னது பொய்யாகவே இருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100க்குப் போன் செய்யலாம், கோர்ட்டில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் நேரில் மனுவும் கொடுக்கலாம். ஹிந்தியோ தமிழோ தெரிந்த வக்கீல் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். போகும்போது எஃப்ஐஆர் காப்பி, சமரி உத்தரவு, அம்மாவின் ஆதார், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, நான்கு வீடுகளிலிருந்தும் சம்பளம் வந்ததற்கு ஜிபே பதிவோ பாஸ்புக்கோ எடுத்துச் செல்லுங்கள். அதற்கும் முன்னால் அந்த வாட்ஸ்அப் பதிவின் தேதியைப் பாருங்கள். சிவில் வழக்குக்கான 1 ஆண்டு அந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.